வாங்க நினைக்காததை வாங்கிவிடுகிறீர்களா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மாதக் கடைசியில் கையில் பணம் நிற்கவில்லை என்றால் நாம் முதலில் திட்டுவது நம் மன உறுதியைத்தான். "இனி தேவையில்லாமல் ஒரு பொருள்கூட வாங்க மாட்டேன்" என்று சபதம் எடுப்போம். அடுத்த தள்ளுபடி அறிவிப்பு வரும்வரை அந்தச் சபதம் உயிரோடு இருக்கும். மன உறுதியைப் பழுது பார்க்கும் வித்தை எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்றும் நம்பிக்கையில்லை. ஆனால் திட்டமிடாத செலவு எல்லாருக்கும் ஒரே இடத்தில் நடப்பதில்லை என்பது தெரியும். ஒருவருக்கு அது சூப்பர் மார்க்கெட்டில் நடக்கிறது. இன்னொருவருக்கு இரவில், படுக்கையில், போன் வெளிச்சத்தில். மூன்றாமவர் எல்லா இடத்திலும் கெட்டிக்காரர். ஜவுளிக்கடை மாடி ஏறினால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார்.

பொருளைப் பார்ப்பதற்கும் பணத்தைக் கொடுப்பதற்கும் நடுவே கொஞ்சம் தாமதம் இருக்க வேண்டும். அந்தத் தாமதத்தை யாரோ எடுத்துவிட்ட இடத்தில்தான் செலவு கைமீறுகிறது. அது எந்த இடம் என்று கண்டுபிடித்து, அங்கே மட்டும் தாமதத்தைத் திரும்ப வைத்தால் போதும்.

முதலில் ஒரு சோதனை

வங்கிக் கணக்கு அறிக்கை, யுபிஐ செயலியின் பரிவர்த்தனைப் பட்டியல், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றிலும் சென்ற மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது, அல்லது செயலியைத் திறக்கும்போது, வாங்கும் எண்ணமே இல்லாமல் வாங்கியவற்றின் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்துவிடாதீர்கள். ஹாக்கின்ஸ் ஸ்டெர்ன் என்பவர் 1962-இல் எழுதிய ஒரு கட்டுரையில் திட்டமிடாத கொள்முதலை நான்காகப் பிரித்தார். கடையில் உப்பைப் பார்த்ததும் வீட்டில் உப்பு தீர்ந்தது நினைவுக்கு வந்து வாங்குவது ஒரு வகை. நல்ல விலைக்கு ஏதாவது கிடைத்தால் எடுக்கலாம் என்று எண்ணிக்கொண்டே போய் வாங்குவது இன்னொன்று. இவை இரண்டும் பிழையல்ல, விட்டுவிடுங்கள். மூன்றாவது, ஒரு பொருளை முதல்முறையாகப் பார்த்த நொடியிலேயே அது தேவை என்று தோன்றி வாங்குவது. காய்கறியை நட்சத்திர வடிவில் நறுக்கும் கருவி இந்த வகை. நான்காவது, எந்தக் காரணமும் இல்லாமல் ஆசையில் எடுப்பது. புள்ளி இந்த இரண்டுக்கும்தான்.

ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் இடம், நேரம், பணம் செலுத்திய விதம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். புள்ளிகள் ஏதாவது ஓரிடத்தில் கும்பலாக நிற்கும். அந்தக் கும்பலுக்கு ஏற்ற அறிகுறியைக் கீழே படித்தால் போதும், மற்றவை உங்களுக்கு வேண்டாம்.

அறிகுறி: வாங்கப் போனது தயிர், பில்லின் நீளம் ஒரு முழம்

புள்ளிகள் சூப்பர் மார்க்கெட்டில் கூடியிருந்தால் காரணம் கடையின் அமைப்பு. அண்ணாச்சி கடையில் சீட்டைக் கொடுத்தால் அவர் எடுத்துத் தருவார். சீட்டில் இல்லாததை அவர் எடுக்க மாட்டார், நாமும் உள்ளே போக முடியாது. வாங்குபவரையே உள்ளே விட்டு எடுக்கச் சொல்லும் முறையை 1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தன் பிக்லி விக்லி கடையில் கொண்டுவந்தார். கையில் கூடை கனத்ததும் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதைக் கவனித்து, 1937-இல் ஓக்லஹோமா நகரக் கடைக்காரர் சில்வன் கோல்ட்மேன் தள்ளுவண்டியை அறிமுகப்படுத்தினார். கை வலிக்காமல் நிறைய வாங்க வைப்பதுதான் அந்த வண்டி பிறந்த காரணம்.

ஆகவே முதல் திருத்தம் எளிது: வண்டியை எடுக்காதீர்கள். வீட்டிலிருந்து கொண்டுபோகும் பையோ கடையின் கைக்கூடையோ போதும். கை வலித்தால் வரிசையில் போய் நில்லுங்கள். மாதச் சாமானை அண்ணாச்சி கடைக்கு மாற்றிவிட்டு, சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவது இதைவிட நல்லது. கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடுதலாகத் தெரிந்தாலும், எடுக்காமல் விட்ட பொருள்களைக் கணக்கில் சேர்த்தால் பெரும்பாலும் அதுவே மலிவு.

இரண்டாவது, சலுகைப் பலகையின் கணக்கு. "999 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஒரு கிலோ சர்க்கரை 9 ரூபாய்" என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் கூடையில் 780 ரூபாய்க்குச் சாமான் இருக்கிறது. சர்க்கரையில் நாற்பது ரூபாய் அளவுக்கு மிச்சம் பிடிக்க இன்னும் 220 ரூபாய்க்குப் பிஸ்கட்டும் சாஸும் எடுப்பீர்கள். சாஸ் பாட்டில் ஆறு மாதம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நிற்கும். பலகையைப் பார்த்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பலகை இல்லாவிட்டால் நான் இப்போது எங்கே இருப்பேன்? பில் போடும் வரிசையில் என்பது விடையானால், அங்கேயே போங்கள்.

"இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" வகைக்கு வேறு கணக்கு. சோப்பு, துவைக்கும் பொடி போல எவ்வளவு இருந்தாலும் அதே அளவில் செலவாகும் பொருளென்றால் தாராளமாக வாங்கலாம். முறுக்கு, சிப்ஸ், குளிர்பானம் ஆகியவற்றில் வீட்டில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் அதே வாரத்தில் தீரும், அங்கே இலவசம் என்று எதுவும் இல்லை. பெரிய பொட்டலம் மலிவு என்ற நம்பிக்கையையும் சோதியுங்கள். இப்போது பொட்டலங்களில் எம்ஆர்பிக்குப் பக்கத்திலேயே ஒரு கிராமுக்கோ ஒரு மில்லி லிட்டருக்கோ என்ன விலை என்று சிறிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். பெரிய டப்பாவையும் சிறிய டப்பாவையும் அந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். சில சமயம் சிறியது ஜெயிக்கும்.

குழந்தையோடு போகிறவர்களுக்குத் தனி மருந்து ஏதும் இல்லை. பில் மேசைக்குப் பக்கத்தில் சாக்லேட்டை எந்த உயரத்தில் அடுக்கியிருக்கிறார்கள் என்று ஒருமுறை குனிந்து பாருங்கள், அது யாருடைய கண்ணுக்கு வைத்தது என்பது புரிந்துவிடும். உள்ளே போகும் முன்பே "இன்று ஒன்று மட்டும், நீயே தேர்ந்தெடு" என்று சொல்லிவிடுவது ஓரளவு பலிக்கும்.

அறிகுறி: பெரிய செலவு எதுவும் இல்லை, ஆனால் கணக்கு காலி

அறிக்கையில் 40, 65, 120, 85 என்று சின்னச் சின்ன யுபிஐ வரிகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. புள்ளிகள் எல்லா இடத்திலும் சிதறியிருக்கின்றன. பொதுவாக இருப்பது பணம் செலுத்திய விதம் மட்டும்.

கையிலிருந்து நோட்டு போகும்போது உள்ளே சுருக்கென்று ஒன்று தைக்கும். அந்தச் சுருக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் டிரேசன் பிரெலெக்கும் டங்கன் சிமெஸ்டரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டுகளை ஏலம் விட்டார்கள். ஒரு சாராரிடம் ரொக்கம்தான் தர வேண்டும் என்றும், மற்றவர்களிடம் கிரெடிட் கார்டில் தரலாம் என்றும் சொன்னார்கள். கார்டுக்காரர்கள் கேட்ட விலை ரொக்கக்காரர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. யுபிஐ-யில் கார்டைத் தேய்க்கும் வேலைகூட இல்லை.

சின்னத் தொகைகளுக்காக முன்பே பணம் ஏற்றி வைக்கும் யுபிஐ லைட் வசதியை வைத்திருந்தால் நிலைமை இன்னும் வழுக்கும். அதில் பணம் செலுத்த ரகசிய எண் (PIN) போட வேண்டாம். ஒவ்வொரு டீயும் வடையும் வங்கி அறிக்கையில் வராது, லைட்டுக்குப் பணம் ஏற்றிய வரி மட்டும்தான் வரும். மேலே சொன்ன சோதனையில் புள்ளி வைக்க இடமே கிடைக்காமல் போவது இதனால்தான். இந்த அறிகுறி உள்ளவர்கள் லைட்டை அணைத்துவிடலாம். குறைந்தபட்சம் அது தானாகப் பணம் ஏற்றிக்கொள்ளும் வசதியையாவது நிறுத்துங்கள்.

முழுத் திருத்தம் இது. சம்பளம் வரும் கணக்கை யுபிஐ செயலியிலிருந்து நீக்குங்கள். வேறொரு சேமிப்புக் கணக்கை மட்டும் இணைத்து, அதில் ஞாயிறுதோறும் வாரச் செலவுக்கான தொகையைப் போடுங்கள். வியாழக்கிழமையே தீர்ந்துவிட்டால் வெள்ளிக்கிழமை நீங்கள் சம்பளக் கணக்கிலிருந்து பணம் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் வங்கிச் செயலியைத் திறந்து, கடவுச்சொல் போட்டு, ஓடிபி வரும்வரை காத்திருக்க வேண்டும். காணாமல் போன தாமதம் திரும்பி வருவது அங்கேதான். இரண்டாவது கணக்கிலும் குறைந்தபட்ச இருப்புத் தொகை கேட்பார்களா என்பதை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், அபராதத்தில் மிச்சம் போய்விடும்.

உறைகளில் ரொக்கம் போட்டு வைக்கும் பழைய முறையைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் காலையில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் காய்கறிக்காரம்மா நம்மைப் பார்க்கும் பார்வையைத் தாங்கும் திறன் வேண்டும்.

அப்படியே யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதியையும் திறந்து பாருங்கள். ஒரு மாதம் இலவசம் என்று சேர்ந்த ஏதாவது ஒரு சந்தா அங்கே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். ரத்து செய்ய அங்கேயே பொத்தான் உண்டு. கார்டில் போட்ட சந்தாக்களை வங்கியின் செயலியிலோ இணையதளத்திலோ தேட வேண்டும். இத்தகைய பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடுவது நாம்தான்.

அறிகுறி: இரவில் ஆர்டர், காலையில் "இதை ஏன் போட்டோம்?"

நேரம் என்ற பத்தியில் இரவு பத்தரை, பதினொன்று என்று வரிசையாக இருந்தால் உங்கள் கடை போனுக்குள் இருக்கிறது. எதிரே இருப்பது தற்செயலாக அமைந்த கடையல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இணைய வணிகத் தந்திரங்களுக்கு எதிராக வெளியிட்ட வழிகாட்டுதலில் 13 வகைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அவற்றில் இந்த அறிகுறிக்கு நேரடிக் காரணமானவை சில. "இன்னும் இரண்டுதான் மிச்சம்", "எட்டு நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று பொய் அவசரம் காட்டுவது ஒன்று. கூடையில் நாம் போடாத காப்பீட்டையும் நன்கொடையையும் தானே சேர்ப்பது இன்னொன்று. வேண்டாம் என்று அழுத்தும் இடத்தில் "பரவாயில்லை, எனக்குச் சேமிப்பில் விருப்பமில்லை" என்று எழுதி நம்மைக் கூச வைப்பது, முதலில் ஒரு விலை காட்டிக் கடைசிப் பக்கத்தில் கட்டணங்களைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது ஆகியவையும் அதில் உண்டு.

பொய் அவசரத்தைச் சோதிக்க ஒரு வழி: அந்தப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்துவிட்டு மூடுங்கள். மறுநாள் காலை பத்து மணிக்குத் திறந்து ஒப்பிடுங்கள். அதே விலை, அதே "இரண்டுதான் மிச்சம்" இருந்தால், அந்தச் செயலியின் கடிகாரத்தை நீங்கள் இனி மதிக்க வேண்டியதில்லை. கூடையில் தெரியாத பொருள் ஏறியிருந்தாலும் கட்டணம் ஒளித்திருந்தாலும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம், திரைப்பிடிப்பு அங்கேயும் உதவும்.

அடுத்து, செயலியில் சேமித்த கார்டை நீக்குங்கள். 2022 அக்டோபர் முதல் வணிகத் தளங்கள் உங்கள் கார்டு எண்ணை வைத்திருக்க முடியாது. அதற்குப் பதில் டோக்கன் என்ற மாற்று எண்ணை வைத்திருக்கும். அதையும் அழித்துவிடலாம். அழித்தபின் ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் பர்ஸை எடுத்து வந்து பதினாறு எண்களைத் தட்ட வேண்டும். பர்ஸை வேறு அறையில் வைத்தால் இன்னும் நல்லது. படுத்திருப்பவர் எழுந்திருக்க யோசிக்கும் அந்த அரை நிமிடம் பல பொருள்களைக் காப்பாற்றும்.

செயலியின் அறிவிப்புகளை அணையுங்கள். பொருளின் பெயரைத் தட்டித் தேடுவது வாங்குவது. முகப்புப் பக்கத்தை உருட்டிக்கொண்டே போவது வேடிக்கை பார்ப்பது. இரவில் வேடிக்கை வேண்டுமென்றால் செயலிக்கு வெளியே நிறைய இருக்கிறது. பிடித்ததை விருப்பப் பட்டியலில் போட்டு வைக்கலாம் என்பார்கள். போடலாம், ஆனால் விலை குறைந்ததும் அதுவே அறிவிப்பு அனுப்பி நம்மை எழுப்பும். அதைவிடச் சமையலறை நாட்காட்டியில் எழுதி வைப்பது மேல். நாட்காட்டி யாரையும் எழுப்பாது.

பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் வந்து நிற்கும் செயலிகளுக்குத் தாமதம் என்ற சொல்லே பகை. கொத்தமல்லி மட்டும் போதும் என்று திறப்போம்; டெலிவரி கட்டணத்தைத் தவிர்க்க ஐஸ்கிரீமும் சேரும். கட்டணத்தையே கட்டிவிடுங்கள். ஐஸ்கிரீம் அதைவிட விலை அதிகம்.

பணத்தை வாசலில் தருவதாகப் போட்டுவிட்டு, மனம் மாறினால் திருப்பி அனுப்புவதைச் சிலர் தந்திரமாகச் சொல்கிறார்கள். நம் தடுமாற்றத்துக்காக வெயிலில் ஒருவர் மூன்று மாடி ஏறி இறங்குவதை நான் ஏற்கவில்லை.

அறிகுறி: மாதத் தவணை சின்னது, ஆனால் தவணைகள் நிறைய

24,000 ரூபாய் போனை யாரும் திடீரென்று வாங்குவதில்லை. மாதம் 2,000 ரூபாய் போனை வாங்குவார்கள். விலைச்சீட்டில் பெரிய எழுத்தில் எந்த எண் இருக்கிறது என்று கவனித்தாலே இந்தப் பிழையின் வேர் தெரியும்.

"வட்டியில்லாத் தவணை" என்பதை நம்பாதீர்கள். வட்டி பூஜ்யம் என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டியை விற்பவரோ தயாரிப்பவரோ தள்ளுபடியாக ஏற்றுக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அப்போதும் செயலாக்கக் கட்டணமும், வட்டிப் பங்கின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் உங்கள் பில்லில் வரலாம். ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி: "முழுப் பணமும் இப்போதே கொடுத்தால் கடைசி விலை என்ன?" அந்த விலைக்கும் தவணைகளின் கூட்டுத் தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான வட்டி.

கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறீர்களா? பல கார்டுகளில் வட்டி மாதம் 3 முதல் 4 சதவீதம் வரை போகிறது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 36 முதல் 48. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். இந்த நிலையில் இருப்பவர் மற்றத் திருத்தங்களைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் பாக்கியை அடைக்க வேண்டும். நிலையான வைப்பு ஒன்று 7 சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருந்தால் அதை உடைத்துக் கட்டுவதில் தவறே இல்லை.

பிறகு கார்டுக்குக் கடிவாளம். இணைய வணிகம், கடையில் தேய்ப்பது, தட்டிச் செலுத்துவது ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைக்கவும் உச்சவரம்பு வைக்கவும் வங்கிகள் வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-இல் ஆணையிட்டது. உங்கள் வங்கிச் செயலியில் அது இருக்கிறது. இணைய வணிகத்தை அணைத்தே வைத்திருங்கள், வேண்டும்போது திறந்துகொள்ளலாம். ஒரு தவணை முடியாமல் அடுத்தது இல்லை என்ற வீட்டு விதியும் பலருக்கு உதவுகிறது.

அறிகுறி: ஜவுளிக்கடையில், நகைக்கடையில் மட்டும் கைமீறுகிறது

ஆடித் தள்ளுபடியோ தீபாவளியோ, ரங்கநாதன் தெருவில் தோள் உரச நடந்து கடைக்குள் நுழையும்போதே பாதிச் சக்தி போய்விடும். மேலே ஏறி உட்கார்ந்ததும் விற்பனையாளர் "அக்கா, இந்த ஒன்றை மட்டும் பாருங்கள்" என்று ஒவ்வொரு புடவையாகப் பிரித்துப் போடுவார். முப்பது புடவை குவிந்ததும் பிடித்ததைத் தேடுவது நின்று, இவ்வளவு எடுத்துப் போட்டவரிடம் வெறுங்கையோடு எப்படி எழுந்திருப்பது என்ற சங்கடம் தொடங்கும். பலர் புடவைக்காக வாங்குவதில்லை. அந்தச் சங்கடத்திலிருந்து எழுந்து வர வாங்குகிறார்கள்.

உட்காரும் முன்பே நின்றபடி தொகையைச் சொல்லிவிடுங்கள்: "தம்பி, இரண்டாயிரத்துக்குள் மட்டும் காட்டுங்கள், மேலே வேண்டாம்." நல்ல விற்பனையாளருக்கு இது பிடிக்கும், அவர் நேரமும் மிச்சம். புடவை எதுவும் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்பதை அவர் தினமும் நூறு பேரிடம் கேட்கிறார், மனம் புண்பட மாட்டார். உடன் வருபவரைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். "எடுத்துக்கோ, நன்றாக இருக்கிறது" என்று எல்லாவற்றுக்கும் சொல்லும் நாத்தனாரை விட, கடை என்றாலே கால் வலிக்கும் கணவர் இந்த ஒரு வேலைக்குப் பொருத்தமானவர்.

நகையில் பிழை வேறு முகமூடி போட்டு வரும். அட்சய திருதியை அன்று "இது செலவில்லை, முதலீடு" என்று ஒரு குரல் சொல்லும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லட்சம் ரூபாய்த் தங்கத்தில் செய்த நகைக்குச் சேதாரமும் செய்கூலியுமாக 12 சதவீதம் என்றால் 1,12,000. அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 1,15,360. மறுநாளே விற்கப் போனால் தங்கத்தின் விலைதான் கிடைக்கும், மற்ற 15,360 திரும்பாது. தங்கம் அந்த அளவு ஏறிய பிறகுதான் நீங்கள் புறப்பட்ட இடத்துக்கே வருகிறீர்கள். போட்டு மகிழ்வதற்கு நகை வாங்குவது நல்ல காரணம், அதையே காரணமாகச் சொல்லி வாங்குங்கள். அப்போது எவ்வளவு வாங்குவது என்பதும் சரியாக அமையும்.

அறிகுறி: மேலே சொன்ன எதற்கும் மசியவில்லை

வாங்கிய பொருளைப் பிரிக்காமலே அடுக்குவது, பெட்டிகளை வீட்டாரிடமிருந்து மறைப்பது, வாங்குவதற்காகக் கடன் செயலிகளில் பணம் எடுப்பது ஆகியவை இருந்தால் இது கடை, கார்டு விஷயமாக இருக்காது. மனநல மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம். டெலி மானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலரிடம் அடக்க முடியாத வாங்கும் ஆசையைத் தூண்டும். வாழ்நாள் முழுவதும் சிக்கனமாக இருந்த அப்பா திடீரென்று பொருள்களாக வாங்கிக் குவித்தால், அவரைத் திட்டும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வழக்கத்துக்கு மாறான உற்சாகம், தூக்கமே தேவையில்லை என்ற நிலை, அதோடு தாராளச் செலவு என்று சேர்ந்து வந்தாலும் அதே அறிவுரைதான்.

பொருள் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது

மனம் மாறியது என்ற காரணத்துக்காக மட்டும் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் பொது உரிமை நம் சட்டத்தில் இல்லை. அது கடையின் கொள்கையைப் பொறுத்தது. குறையுள்ள பொருளுக்கு நிலைமை வேறு. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், அதைத் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் குறையுள்ள பொருளோடு வீட்டிலேயே உட்கார்ந்துவிட வேண்டாம்.

மற்றவற்றுக்கு: வந்த அன்றே விலைச்சீட்டைக் கத்தரிக்காதீர்கள், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். திருப்பி அனுப்பக் கடைசி நாள் எது என்று பார்த்து, அதற்கு இரண்டு நாள் முன்னதாகப் போனில் நினைவூட்டல் வையுங்கள். அந்த நாளில் பொருளை எடுத்துப் பாருங்கள். அதுவரை ஒருமுறைகூடத் தொடவில்லை என்றால் பில்லோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள். பணம் எங்கே திரும்புகிறது என்பதையும் தேர்ந்தெடுங்கள்: கடையின் வாலட்டில் வாங்காமல், வங்கிக் கணக்குக்கே கேளுங்கள்.